ஞாயிற்றுக்கிழமைப் புள்ளி

போன மாதம் ஓர் ஆய்வு மாணவி தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்ற துறையில் இப்போது வேலை செய்கிற பெண். அவளுடைய வரைபடத்தில் ஒரே ஒரு புள்ளி மட்டும் எங்கோ தனியாகப் போய் நிற்கிறதாம். அதை எடுத்துவிட்டால் கோடு அழகாக விழுகிறதாம். கணினியே எடுத்துவிடச் சொல்கிறது, எடுக்கலாமா சார் என்று கேட்டாள். நான் ஏதோ உளறிவிட்டுப் போனை வைத்தேன். அப்புறம் அரை நாள் எதிலும் மனம் ஓடவில்லை. நேராகப் பதில் சொல்ல வராததால் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு அவளே முடிவு செய்துகொள்ளட்டும்.

என் உத்தியோகக் காலம் முழுவதும் ஒரே கேள்வியோடுதான் குப்பை கொட்டினேன். உயிரணுவுக்குள் இருக்கிற டி.என்.ஏ. இழை கெட்டுப்போனால் உயிரணு அதை எப்படிச் செப்பனிட்டுக்கொள்கிறது என்பது அந்தக் கேள்வி. பின்னாளில் அதில் கொஞ்சம் பேர் கிடைத்தது. ஆனால் ஐம்பதுகளில் நான் தொடங்கியபோது செப்பனிடுவது என்ற சொல்லே எங்கள் காதில் விழுந்திருக்கவில்லை. கெட்டால் கெட்டது, செத்தால் செத்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

பிறந்தது, படித்தது எல்லாம் திருத்தணி. மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமைக்கிற குடும்பம் எங்களுடையது. அப்பா காலமான பிறகு அந்த வேலை என் அக்கா புருஷனுக்குப் போனது. நான் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் நன்றாகப் படித்துத் தொலைத்ததால் மதராஸுக்கு அனுப்பினார்கள். கல்லூரி முடித்து, ஒரு பேராசிரியரிடம் ஆய்வு மாணவனாகச் சேர்ந்தேன். சேர்ந்த கதையில் சொல்ல ஒன்றுமில்லை. அவரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அவருக்கு மூன்று விதிகள் உண்டு. ஒன்று, ஆய்வுக்கூடத்து ஜன்னலைத் திறக்கக் கூடாது. ஜன்னல் வழியாகத் தூசி வரும், தூசியோடு வேண்டாத கிருமி வரும் என்பார். யுத்த காலத்தில் வெளிச்சம் வெளியே தெரியாமலிருக்கத் தைத்த கறுப்புத் திரைகள் அங்கே இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. யுத்தம் முடிந்தும் அவர் அவற்றைக் கழற்றவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கும் உள்ளே ஒரு மங்கல் பல்பு எரியும். இரண்டாவது, நோட்டில் எழுதியதை அழிக்கக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் அதன் மேல் ஒரே ஒரு கோடு போட வேண்டும், பக்கத்தில் இரண்டெழுத்துக் கையெழுத்து வைக்க வேண்டும். கோட்டுக்கு அடியில் இருப்பதைப் பிறகும் படிக்க முடிய வேண்டும். மூன்றாவது, கப்பலில் வருகிற வெளிநாட்டு ஆய்விதழ்களை அவர் படித்து முடித்த பிறகுதான் மற்றவர்கள் தொடலாம். அவர் வரிசை தப்பாமல் படிப்பார். அதனால் சில வருஷங்கள் பின்தங்கியிருந்தார். அவர் மேஜையில் பிரிக்காத கட்டுகள் என் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன.

எல்லோரையும் 'நீர்' என்றுதான் கூப்பிடுவார். குரலை உயர்த்த மாட்டார். ஒரு கேள்வி கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் பதில் வந்துவிட வேண்டும்.

எனக்குக் கொடுத்த வேலை இது. குடலில் வாழும் ஒரு சாதாரணக் கிருமியை உப்புத் தண்ணீரில் கலக்கி, புற ஊதா விளக்கின் அடியில் அளந்து வைத்த நேரம் காட்ட வேண்டும். பெரும்பாலானவை செத்துப்போகும். செத்ததும் பிழைத்ததும் கலந்த அந்தத் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஐஸில் வைக்க வேண்டும். தினமும் அதில் ஒரு சொட்டு எடுத்து, அளவாகத் தண்ணீர் சேர்த்து, ஊட்டம் கலந்த கூழ் உறைந்த கண்ணாடித் தட்டில் விட வேண்டும். வளைத்த கண்ணாடிக் கோலைச் சாராய விளக்கில் காட்டி, ஆறவிட்டு, அதனால் சொட்டை மெல்லத் தேய்க்க வேண்டும். அவசரப்பட்டால் கூழ் கிழியும். தட்டை மூடி ஒரு நாள் வெதுவெதுப்பில் வைத்தால், பிழைத்த ஒவ்வொரு கிருமியும் பெருகி ஒரு வெள்ளைப் பொட்டாகத் தெரியும். தட்டைக் கவிழ்த்து, அடிக் கண்ணாடியில் பேனாவால் ஒவ்வொரு பொட்டுக்கும் ஒரு புள்ளி வைத்து எண்ண வேண்டும். குளிரில் இருக்க இருக்கச் சாவு கூடுகிறதா குறைகிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம்.

சனிக்கிழமை மத்தியானம் ஆய்வுக்கூடம் பூட்டினால் திங்கள்தான் திறக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு மட்டும் விடுபட்டது. நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி, ஊருக்குப் போகும்போது குழாயையும் தட்டுகளையும் கொண்டுபோய் அங்கேயே செய்கிறேன் சார் என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுச் சரி என்றார்.

ஐஸ் போட்ட பிளாஸ்கில் குழாய்கள், பிஸ்கட் டப்பாவில் எட்டுத் தட்டுகள். அரக்கோணத்தில் வண்டி மாறி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். கனகா அக்கா பிளாஸ்கைப் பார்த்தாள்.

"இன்னாடா சுப்பு, காபி வாங்கிகினு வந்தியா?"

"இல்லக்கா, கிருமி."

"இன்னா கிருமி?"

"மனுஷன் குடல்ல இருக்கறது. ஒண்ணும் பண்ணாது. முக்காவாசி செத்துடுச்சி."

வேறு ஏதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். அக்கா இரண்டடி பின்னால் போனாள்.

"குடல்ல இருந்தது, அதுவும் செத்தது. அத்தத் தூக்கிகினு எந்த வூட்டுக்குள்ள வரேன்னு தெரியுதா ஒனக்கு? உங்க பாவா சாமிக்குப் பொங்கிட்டு வந்து உக்கார்ற எடம். கெணத்தாண்ட வை."

பாவா, அதாவது அக்கா புருஷன், பக்கத்தில் நின்று சிரித்தார். "அவ சொன்னா சொன்னதுதான் நைனா. நானே குளிக்காம உள்ள போவ முடியாது, உன் கிருமி போயிடுமா?" என்றார்.

அன்றிலிருந்து அது வழக்கமானது. ஞாயிறு காலை கிணற்றடியில் துவைக்கிற கல்லின் மேல் சாராய விளக்கை ஏற்றித் தட்டுகளைத் தேய்ப்பேன். அக்கா சமையலை முடித்து, எல்லோரும் சாப்பிட்டு எழும்வரை தட்டுகள் அந்தக் கல்லின் மேல், முருங்கை மர நிழலில்தான் இருக்கும். மூன்று மணி நேரமாவது ஆகும். அதற்குப் பிறகுதான் பின்கட்டுச் சாமான் அறையில் டப்பாவோடு வைக்க அனுமதி. அந்த அறையின் வெக்கைக்கு ஆய்வுக்கூடத்து வெப்பப்பெட்டி தோற்றுப்போகும். திங்கள் காலை முதல் வண்டியில் தட்டுகளோடு மதராஸ் திரும்புவேன்.

முதல் திங்கட்கிழமை தட்டைக் கவிழ்த்தபோது எனக்குத் தலை சுற்றியது. வெள்ளிக்கிழமைத் தட்டில் பத்துப் பொட்டு. சனிக்கிழமைத் தட்டில் எட்டு. ஞாயிற்றுக்கிழமைத் தட்டில் எண்ணவே முடியவில்லை, பொட்டோடு பொட்டு ஒட்டிக்கொண்டு கிடந்தது. அதே குழாயிலிருந்து திங்கள் அன்று தேய்த்த தட்டில் மறுநாள் மறுபடி ஒன்பது. நடுவில் ஒரு நாள் மட்டும் செத்ததெல்லாம் எழுந்து வந்துவிட்டுத் திரும்பச் செத்ததா? வரைபடத்தில் குத்தினேன். ஒரு தட்டையான கோடு, அதன் நடுவே ஆகாசத்தில் ஒரு புள்ளி.

இன்னும் மூன்று வாரம் செய்தேன். மூன்று வாரமும் அப்படியே. எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர் தேவசகாயம், என்னைவிட இருபது வயது மூத்தவர், தட்டுகளைக் கழுவும்போது சொன்னார்: "ஞாயித்துக்கெழம உயிர்த்தெழுறது எங்க வேதத்துலதான் சார் இருக்குது. உங்க ஊருக்கு எப்ப வந்துச்சி?"

பாவாவிடம் சொன்னேன். அவர் மலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, அவன் வேலைதான் என்று முடித்துவிட்டார். எனக்கு அப்படி முடிக்க முடியவில்லை. கிணற்றுத் தண்ணீரா, ரயில் குலுக்கலா, வெக்கையா என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு எல்லாவற்றிலும் குழம்பினேன். சாமான் அறை வெக்கையை மனதில் வைத்து, வெப்பப்பெட்டியில் சூட்டைக் கூட்டிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

பேராசிரியர் வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். அந்த வருஷங்களில் திருத்தணி ஆந்திர ராஜ்யத்தில் இருந்தது.

"மதராஸ் ராஜ்யத்தில் சாகிற கிருமி, எல்லையைத் தாண்டினால் பிழைத்துக்கொள்கிறதா?" என்றார். எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்தார். "பிளாஸ்கில் எத்தனை குழாய் கொண்டுபோகிறீர்?"

"இரண்டு சார். விளக்கில் காட்டியது ஒன்று. காட்டாதது ஒன்று, ஒப்பிட."

"காட்டாத குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தால் போதுமே, தட்டு நிறைந்துவிடுமே."

"நான் மாற்றவில்லை சார்."

"மாற்றினீர் என்று நான் சொல்லவில்லை. அடுத்த வாரம் நானே வருகிறேன்."

வந்தார். குழாய்களின் வாயை அவரே அரக்கு வைத்து மூடினார், பிளாஸ்கைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார். மூன்றாம் வகுப்பில் என் எதிரில் உட்கார்ந்து வந்தார். ராத்தங்கல் சத்திரத்தில். ஞாயிறு காலை சலவை வேட்டியோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மதராஸிலிருந்து பெரிய மனுஷர், தம்பிக்கு வாழ்வு கொடுக்கிறவர், வீடு தேடி வந்திருக்கிறார். கூடத்தில் மணை போட்டு, அதன் மேல் தன் கல்யாண ஜமக்காளத்தை விரித்திருந்தாள். அவர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே உட்கார்ந்து செய்வீர் என்று என்னிடம் கேட்டார். நான் கொல்லைப்பக்கம் கையைக் காட்டுவதற்குள் அக்கா குறுக்கே வந்தாள்.

"கெணத்தடியிலயா? ஐயாவப் போயி கெணத்தடியில ஒக்கார வைக்கிறதா? இங்கயே செய்யுங்கய்யா. ஒண்ணும் பரவால்ல."

"இது கிருமி, அம்மா. உங்களுக்கு ஆசாரம் இருக்கும்."

"நீங்க தொட்டா அது கிருமி இல்லங்க" என்றாள் அக்கா.

எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. அதையும் சொல்ல வேண்டும். என் அக்கா எனக்காக அவ்வளவு விட்டுக்கொடுக்கிறாள் என்று பெருமையாக இருந்தது. கூடத்தின் இருட்டு மூலையில் அவரே தட்டுகளைத் தேய்த்தார். தேய்த்த கையோடு அக்கா டப்பாவை வாங்கிக்கொண்டுபோய்ச் சாமான் அறையில் வைத்துக் கதவைச் சாத்தினாள். பாவா மலையிலிருந்து கொண்டுவந்த சர்க்கரைப் பொங்கலை அவர் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அன்றைக்கு எல்லாம் நன்றாக நடந்தது என்றே நான் நினைத்தேன்.

திங்களன்று தட்டை அவரே கவிழ்த்தார். அவரே புள்ளி வைத்தார். ஒன்பது.

விளக்கில் காட்டிய குழாயின் மற்ற தட்டுகளையும் எடுத்தார். எட்டு, பதினொன்று, ஒன்பது. பேனாவை மூடி வைத்தார். கண்ணாடியைத் துடைக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"இப்போது என்ன சொல்கிறீர்?"

நாலு வாரம் நான் பார்த்தது பொய்யா? அந்தத் தட்டுகள் நிறைந்து கிடந்ததைத் தேவசகாயமும் பார்த்தார். ஆனால் நிறைத்தது எது? ஒவ்வொரு ஞாயிறும் குழாயை எடுத்த கையை மனதில் ஓட்டிப் பார்த்தேன். இடதா வலதா என்றே சந்தேகம் வந்துவிட்டது. தெரியாமல் நான்தான் குழாயை மாற்றிவிட்டேனோ, நாலு வாரமும் அதே தப்பைச் செய்தேனோ என்று என்னை நானே கேட்க ஆரம்பித்தேன். கேட்கக் கேட்க, மாற்றிய மாதிரியே ஞாபகம் வந்தது.

அவர் ஒரு தாளைத் தள்ளினார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை எண்ணிக்கைகள் முறையான சோதனையில் கிடைத்தவை அல்ல, அவை என் பிழையால் வந்தவை, அவற்றைத் திரும்பப் பெறுகிறேன். கீழே கையெழுத்துப் போட்டேன். மாதக் கடைசிவரை இருந்துவிட்டுப் போகலாம் என்றார். போகலாம் என்றால் ஆய்வு அத்தோடு முடிந்தது என்று அர்த்தம். பொய்க் கணக்கு எழுதினவன் என்று பேர் வாங்கினவனை வேறு யாரும் சேர்க்க மாட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை வெறுங்கையோடு ஊருக்குப் போனேன். அக்காவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் முகம் செத்துவிட்டது. புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்:

"எனக்கு அன்னிக்கே மனசு கேக்கலடா. நானே ஒரு கட்டுப்பாடு வச்சிட்டு நானே மீறிட்டேன். பெரியவரு வந்துட்டாருன்னு அத்த உள்ள கொண்டாந்து வச்சேன் பாரு, அதான் இப்டி ஆயிடுச்சி. சாமிக்கு அடுக்கல."

"உள்ள வச்சதுக்கும் இதுக்கும் இன்னாக்கா சம்பந்தம்?"

"எனக்கு இன்னா தெரியும். நாலு வாரம் வெளிய கெடந்துது, நல்லா இருந்துது. ஒரு வாரம் உள்ள வச்சேன், கெட்டுப்போச்சி."

நான் எழுந்து கிணற்றடிக்குப் போனேன். துவைக்கிற கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டு மடையன் மாதிரி நின்றேன். வெளியே என்ன இருக்கிறது, உள்ளே என்ன இல்லை? காற்று? தட்டு மூடித்தான் இருந்தது. சூடு? சாமான் அறையில் அதைவிடச் சூடு. ஈரம்? கல்லின் மேல் முருங்கை இலை நிழல் அசைந்துகொண்டிருந்தது. நிழலுக்கு நடுவே என் கை விரலெல்லாம் பளிச்சென்று வெளிச்சம். அதை நான் பார்த்தேன். பார்த்தும் உடனே நம்பவில்லை. விளக்கின் வெளிச்சத்தால் செத்ததை வெயில் வெளிச்சம் எப்படிப் பிழைக்க வைக்கும்? கொன்றதே அதுதானே? ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபடாமலே செய்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

திங்கள் காலை பேராசிரியர் வருவதற்கு முன்னால் தேவசகாயம் எனக்காகப் புற ஊதா விளக்கைப் போட்டுக் கொடுத்தார். ஒரே குழாய், ஒரே சொட்டு அளவு, ஆறு தட்டுகள். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே தாழ்வாரத்துக் கைப்பிடிச் சுவரில் ஆறையும் வரிசையாக வைத்தேன். மூன்றின் மேல் தேவசகாயத்தின் கிழிந்த குடைத்துணியைப் போர்த்தினேன். மூன்று திறந்த வெளிச்சத்தில். ஒரே இடம், ஒரே காற்று, ஒரே நேரம். மத்தியானம் ஆறையும் வெப்பப்பெட்டிக்குள் வைத்தோம்.

மறுநாள் குடைத்துணிக்கு அடியில் இருந்தவற்றில் பத்து, ஒன்பது, பத்து. வெளிச்சத்தில் இருந்தவை மூன்றும் நிறைந்து கிடந்தன.

பேராசிரியரிடம் தட்டுகளைக் கொண்டுபோய் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன், அக்கா சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் ஒவ்வொரு தட்டையும் கவிழ்த்துப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் ஜன்னல் திரையைக் கையால் விலக்கினார். பல வருஷத்துத் தூசி அவர் தலையில் விழுந்தது. திரும்பி வந்து, பிரிக்காத ஆய்விதழ்க் கட்டுகளில் ஒன்றை உருவி, காகிதக் கத்தியால் ஒட்டிய பக்கங்களை அறுக்க ஆரம்பித்தார். ஒரு கட்டு. இன்னொரு கட்டு. நான் நின்றுகொண்டே இருந்தேன். மூன்றாவது கட்டில் கத்தி நின்றது.

அவர் நின்றபடியே படித்தார். பிறகு பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். கடல் கடந்த தேசத்தில் யாரோ இதே மாதிரி தலையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் வெளிச்சத்தைக் கண்டுபிடித்து, அதை அச்சிலும் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கங்கள் நான் சேருவதற்கு முன்பிருந்தே அவர் மேஜையில் ஒட்டியபடி கிடந்திருக்கின்றன.

எனக்கு ஆத்திரம் வந்தது. அழுகையும் வந்தது. கண்டுபிடித்தது முதலில் நான் இல்லை என்பதற்கா, நான் பொய் சொல்லவில்லை என்பதற்கா, எதற்கு அழுதேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அவர் இழுப்பறையிலிருந்து என் கடிதத்தை எடுத்தார். கிழித்துப் போடப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"இதில் ஏன் கையெழுத்துப் போட்டீர்?"

எனக்குப் புரியவில்லை. "நீங்கள்தான் சார் போடச் சொன்னீர்கள்."

"நான் சொன்னேன். நான் பார்த்தது ஒரு நாள், ஒன்பது பொட்டு. நீர் நாலு வாரம் பார்த்தீர். நான் சொன்னால் போட்டுவிடுவீரா?"

குரல் உயரவில்லை. ஆனால் அந்த மனுஷர் கோபமாக இருந்தார். என் மேலா, தன் மேலா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்ணாடியைத் துடைத்து முடித்துவிட்டார். நான் பதில் சொல்லவில்லை. கடிதத்தை மேஜையில் வைத்து, நான் எழுதியதன் மேல் வரிக்கு ஒரு கோடு போட்டார். பக்கத்தில் தன் இரண்டெழுத்துக் கையெழுத்தை வைத்து, தாளை என்னிடம் கொடுத்தார். மாதக் கடைசியைப் பற்றி அதற்குப் பிறகு அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மறுநாள் காலை கறுப்புத் திரைகளைத் தேவசகாயம் கழற்றிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உத்தியோகம்தான். புற ஊதாக் கதிர் டி.என்.ஏ. இழையில் பக்கத்துப் பக்கத்தில் எழுத்துகள் மாதிரி நிற்கும் மூலக்கூறுகளை ஒட்டிவிடுகிறது, உயிரணுவுக்குள் இருக்கும் ஒரு நொதி சாதாரண வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு அந்த ஒட்டை விடுவிக்கிறது என்பதெல்லாம் உலகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டது. அதில் ஓர் ஓரத்தில் நானும் இருந்தேன்.

அக்காவிடம் முழுசாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ அவர உள்ள கூப்டது என் தப்பா?" என்றாள். இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. அடுத்த கிருத்திகைக்குப் பேராசிரியர் மலைக்கு வந்து எங்கள் வீட்டுக்கும் வந்தபோது, முருங்கை மரத்தடியில் நாற்காலி போட்டுவிட்டுத் தவித்துக்கொண்டு நின்றாள். அவர் மறுபேச்சில்லாமல் போய் உட்கார்ந்து, அங்கேயே சாப்பிட்டார்.

அந்தக் கடிதம் இன்னும் என் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. தாள் பழுத்துவிட்டது, மசி பழுக்கவில்லை. கோட்டுக்கு அடியில் என் கையெழுத்து நன்றாகவே படிக்க வருகிறது. நாற்பது வருஷத்துக்கு மேல் நோட்டு நோட்டாக எண்களை எழுதியிருக்கிறேன். தப்பாக எண்ணியிருப்பேன், தப்பாகப் புரிந்துகொண்டிருப்பேன். ஆனால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எழுதியது அந்த ஒரு தாளில் மட்டும்தான்.